செய்யாத தவறுக்கு மன்னிக்கப்பட்ட செல்விக்கு

என் அருமைத் தங்கச்சி செல்வி,

போன வியாழக்கிழமை உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். நம் ஆய்வு நிறுவனத்தின் சின்னக் கருத்தரங்க அறையில், மதியச் சாப்பாட்டுக்கும் மூன்று மணிக் காபிக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில். உன் தனிப்படம் நிறுவனத்தில் யாரிடமும் இல்லை. பழைய குழுப்படத்தில் ஓரமாக நின்ற உன்னை வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். உன் தோளுக்குப் பக்கத்தில் யாருடைய முழங்கையோ அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த முழங்கைக்கும் சேர்த்துத்தான் மாலை போட்டார்கள்.

காந்தம் சார் வந்திருந்தார். நீ வைத்த பேர்தான். "பக்கத்துல எது வந்தாலும் இழுத்து ஒட்டிக்குவாருக்கா" என்று சொல்லி நீ சிரிப்பாய். இப்போது அவர் இன்னும் பெரிய ஆள். ஒரு மையத்துக்கே இயக்குநர். உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். முதலில் "செல்வராணி" என்றார். பின்வரிசையிலிருந்து யாரோ திருத்தினார்கள். "ஆமாம், செல்வி" என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்படிச் சொன்னார்.

"நல்ல கை. ஆனா சில அளவீடுகள்ல அவங்களால சில தவறுகள் நடந்தது உண்மைதான். அதனால எங்க குழுவுக்கே கொஞ்சம் தலைகுனிவு. இருக்கட்டும், மனுஷங்கதானே. நான் அதையெல்லாம் அப்பவே மன்னிச்சுட்டேன்."

மன்னித்துவிட்டாராம், செல்வி. உன்னை. மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, உன் வீட்டுக்காரர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. அறையில் முப்பது பேராவது இருந்தோம். என்ன பெரிய மனசு என்பதுபோல எல்லாரும் தலையை ஆட்டினார்கள். படித்த தலைகள். காந்தப் புலத்தை மாற்றினால் எல்லாம் ஒரே திசையில் திரும்பிக்கொள்ளும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய தலைகள்.

அந்த முப்பது பேரில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி பின்னாலிருந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றியும் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ எங்கள் ஆய்வகத்துக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெங்களூரு ஓரத்து ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாய். உன் அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து அங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர் என்றாய். ஓசூரில் டிப்ளமோ. அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. எங்களிடம் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப உதவியாளர். நான் அப்போது முனைவர் பட்டத்துக்காக நாலாவது வருடமாக உழன்றுகொண்டிருந்தேன். எல்லாரையும் சார், மேடம் என்றாய். என்னை மட்டும் இரண்டாம் நாளே அக்கா என்றாய். தமிழ் பேசியதால் வந்த உரிமை. அந்தச் சொல்லுக்கு என்னிடம் என்ன தகுதி இருக்கிறது என்று நீ விசாரிக்கவே இல்லை.

நம் வேலை என்னவென்று உன் வீட்டுக்காரருக்கு நீ சொன்ன விளக்கத்தை என் மாணவர்களுக்கு இன்றும் சொல்கிறேன். "ரெண்டு மெல்லிசு காந்தத் தகடு. நடுவுல அதைவிட மெல்லிசா ஒரு அலுமினிய ஆக்சைடு. கரண்ட் அதைத் தாண்டக் கூடாது, ஆனா அவ்ளோ மெல்லிசா இருக்கறதால திருட்டுத்தனமா தாண்டும். ரெண்டு காந்தமும் ஒரே பக்கம் பாத்தா ஈசியாத் தாண்டும். ஒண்ணுக்கொண்ணு முறைச்சிக்கிட்டா கஷ்டப்பட்டுத் தாண்டும். அந்த வித்தியாசம் எவ்ளோன்னு அளக்கறதுதான் எங்க வேலை." அவ்வளவுதான். இதற்குக் காந்தமின்தடை என்று பெயர் வைத்து, நாங்கள் ஒவ்வொருவரும் இருநூறு பக்கம் எழுதினோம்.

அந்த மூன்றடுக்குகளைப் பதித்த சில்லுகள் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரிடமிருந்து சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் வரும். ஒரு சில்லில் அப்படிப் பல அடுக்குகள்; ஜங்ஷன்கள் என்போம். பெரியவை சில, கண்ணுக்குத் தெரியவே தெரியாத நானோ அளவுக் குட்டிகள் சில. நீ வந்த முதல் வாரம் பையிலிருந்து ஒரு மணிக்கட்டுப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாய். அதிலிருந்து ஒரு ஒயர் தரையிணைப்புக்குப் போயிற்று. பழைய கம்பெனியில் பழகியது. "நம்ம ஒடம்புல இருக்கற கரண்டு போதும்க்கா, இதைக் கொல்றதுக்கு" என்றாய். அதுவரை நாங்கள் வெறுங்கையால் தொட்டு எத்தனை ஜங்ஷன்களைக் கொன்றோமோ, கணக்கே இல்லை. 'மாதிரி பழுது' என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த டப்பாவைத் திறப்போம். டாக்டர் பட்டம் வாங்கிய யாருக்கும் தோன்றாதது அது.

ஒருநாள் யாரோ பெரிய விருந்தாளிகள் வந்தார்கள். காந்தம் சார் அவர்களை அழைத்துவந்து, மின்காந்தத்துக்கு நடுவே இருந்த மாதிரியை விரலால் தொட்டுக் காட்டினார். "சார், பட்டை…" என்றாய். அவர் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புகை இல்லை, சத்தமும் இல்லை. மீட்டரில் எண் மட்டும் சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. விருந்தாளிகள் போனதும் உன்னிடம் வந்து, "மாதிரியை யார் கெடுத்தது?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அது எனக்கு முதல் ஒத்திகை.

அப்புறம் அந்தப் புதுச் சில்லு வந்தது. ஆக்சைடு முன்பைவிட மெல்லியது. பெரிய ஜங்ஷன் ஒன்றை அளந்தபோது மின்தடை மாற்றம் உலகத்தில் யாரும் காணாத அளவுக்கு வந்தது. மற்றவர்கள் பார்த்ததைப்போலப் பல மடங்கு. காந்தம் சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எல்லாருக்கும் அல்வா வரவழைத்தார். நீ சாப்பிடாமல் காகிதத்தில் மடித்துவைத்துவிட்டு ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தாய்.

"எதுக்கு கழட்டுறே?" என்றேன்.

"எண்ணு ரொம்ப அழகா இருக்குக்கா. அதான் பயமா இருக்கு."

மூன்று நாள் அளந்தாய். மின்சாரத்தைக் கொண்டுவருகிற உலோகப் பட்டையை மட்டும் தனியாக அளந்தாய். ஒவ்வொரு ஜங்ஷனையும் அளவு வாரியாக வரிசைப்படுத்தி அளந்தாய். நாலாம் நாள் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய்.

"பட்டையோட தடை, ஜங்ஷன் தடையவிட அதிகம்க்கா. கரண்டு உள்ள வந்து பரவலை. வந்த மூலையிலயே இறங்கிப் போயிடுது. நம்ம வோல்டேஜ் ஒயர் எதிர் மூலையில ஒக்காந்திருக்கு. அதுக்கு ஒண்ணுமே தெரியலை. பஸ்ல எல்லாரும் முன்வாசல்லயே ஏறி நின்னுட்டா, பின்வாசல் கண்டக்டரு பஸ்ஸு காலின்னு சொல்வாரே, அந்த மாதிரி. நெசமான தடையவிடக் கம்மியாக் காட்டுது. கம்மியான எண்ணால வகுத்தா சதவீதம் பெருசாத்தானே வரும்?"

ஒரு ஜங்ஷனில் மின்தடை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸில் வந்திருந்தது. அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாய். மின்தடை மைனஸாக இருக்க முடியாது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். எனக்குத் தெரியாதா?

"அப்போ குட்டி ஜங்ஷன்கள்?"

"அதுங்க தடை அதிகம். பட்டையெல்லாம் அதுங்க முன்னாடி ஒண்ணுமில்ல. அதுங்கதான் சரியாக் காட்டுது. எல்லாரும் பாத்த அதே சாதாரண எண்ணு. பெருசு ஆக ஆகப் பொய்யும் பெருசாகுது. சின்னதுங்க பொய் சொல்லலைக்கா."

நீ சொன்னது முழுக்கச் சரி, செல்வி. அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இதை இங்கே அழுத்தி எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் இது தேவைப்படும்.

திங்கட்கிழமைக் குழுக்கூட்டத்தில் அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆய்வுக்குப் பொறுப்பான ஆராய்ச்சி மாணவி நான். நான் வாயைத் திறக்கவில்லை. நீ கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தாய். அப்புறம் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாய். தமிழும் இங்கிலீஷும் கலந்து, திக்கித் திக்கி, எல்லாவற்றையும் சொன்னாய். மைனஸ் எண்ணைக் காட்டினாய்.

காந்தம் சார் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். சிரித்தார். "குட்டி ஜங்ஷனெல்லாம் செய்யும்போதே பழுதாயிருக்கும். அதான் கம்மியா வருது. மைனஸ் வந்ததுன்னா நீ ஒயரை மாத்திப் போட்டிருப்பே. டிப்ளமோ படிச்சவங்க ஸ்க்ரூவை டைட் பண்ணாப் போதும்மா, இயற்பியலை நாங்க பாத்துக்கறோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹேமா, நீ என்ன சொல்றே?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நீயும் பார்த்தாய்.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும் சார்" என்றேன்.

நான்கு சொல். அதைக் கேட்டதும் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபம் இல்லை. எனக்குக் கணக்கு புரியவில்லையோ என்று ஒரு சந்தேகம். உனக்கு ஆட்களைப் பற்றிய படிப்பு போதாது, செல்வி. உலோகத்தைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தாய்.

அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. காரணம் கேட்டதற்கு 'நிர்வாக முடிவு' என்றார்கள். கடைசி நாள் வாசல் காவலாளி உன் பையைச் சோதித்தபோது கன்னடத்தில் ஏதோ கேட்டுச் சிரித்தார். நீயும் கன்னடத்தில் பதில் சொல்லிச் சிரித்தாய். என்னிடம் வந்து, "வரட்டுமாக்கா, நோட்டு உங்ககிட்ட இருக்கட்டும், ஆய்வுக்கு உதவும்" என்றாய். கருநீல அட்டை நோட்டு. என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அதை வைத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? வரைபடம் போட்டேன். உன் எண்களில் பெரிய ஜங்ஷன்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். குட்டிகளை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து அழித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. கட்டுரையின் ஓரத்தில் 'பழுதான மாதிரிகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி. கடைசியில் நன்றி தெரிவித்தோம், கூட்டாளிக்கும், நிதி தந்தவர்களுக்கும், திரவ ஹீலியம் தந்தவர்களுக்கும். ஹீலியத்துக்கு நன்றி சொன்னவர்கள் உனக்குச் சொல்லவில்லை.

கட்டுரை வெளியானது. காந்தம் சாருக்கு மாநாடுகள், பொன்னாடைகள். எனக்கு முனைவர் பட்டம், ஒரு கல்லூரியில் வேலை. அடுகோடி வீட்டு வாசலில் என் அப்பா 'டாக்டர்' போட்டுப் பலகை மாட்டினார். மாநில அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு தூக்கிய மனிதர். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதைத் துடைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும் என்று எழுத ஆசை. பொய். குமட்டவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. மனசு என்பது அவ்வளவு கேவலமான வஸ்து.

இரண்டு வருடத்துக்குள் வேறு ஒரு நாட்டில் அதே மாதிரிகளைச் செய்து அளந்து பார்த்தார்கள். வரவில்லை. நீ சொன்ன அதே காரணத்தைச் சொல்லி, பட்டைத் தடையைச் சரியாகக் கவனித்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள். காந்தம் சார் திருத்தக் குறிப்பு ஒன்று தயார் செய்தார். அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். 'அப்போது பணியிலிருந்த தொழில்நுட்ப உதவியாளரின் ஒயர் இணைப்புப் பிழைகளால் சில அளவீடுகள் பாதிக்கப்பட்டிருக்கலாம்.'

மின்னஞ்சலில் எனக்கு அனுப்பி, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். மத்தியான வகுப்பு முடிந்து, சாக்பீஸ் தூசியைக்கூடக் கழுவாமல், அந்தக் கையாலேயே பதில் தட்டினேன். 'ஆட்சேபணை இல்லை.'

எங்களை எச்சரித்த ஒரே ஆள் நீ. அந்தப் பிழையை உன் தலையில் கட்டினோம். இதைச் செய்ய எத்தனை படிப்பு வேண்டியிருந்தது, பார்.

அதற்குச் சில மாதம் கழித்து அடுகோடி பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பார்த்தேன். சந்தாபுராவில் ஒரு கம்பெனியில் மின்மாற்றிச் சுருள்களைச் சோதிக்கிற வேலை என்றாய். கொஞ்சம் இளைத்திருந்தாய். என்னைக் கண்டதும் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாய்.

"அக்கா! டாக்டராயிட்டீங்களாமே! சும்னே, சும்மாவாச்சும் ஃபோன் பண்ணலாம்னு தோணும், உங்களுக்கு டைம் இருக்காதுன்னு உட்டுட்டேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் குட்டி ஜங்ஷனெல்லாம் திரும்ப அளந்தீங்களா?"

"அளந்துட்டிருக்கோம்" என்றேன்.

"சரியா வருதா?"

"வருது செல்வி. நீ சொன்ன மாதிரிதான் வருது."

எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! பல் தெரியச் சிரித்தாய். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். உன் பஸ் வந்தது, முன்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவிலிருந்து கையாட்டினாய். திருத்தக் குறிப்பைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு மூலையில் கிடக்கும் ஐந்து வரி. சந்தாபுராவில் யார் படிப்பார்கள்? எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆமாம் செல்வி. வெட்கம் இல்லை, நிம்மதிதான் வந்தது.

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. உனக்குக் காய்ச்சல் வந்து, மூன்று நாளில் மூளைவரை போய், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது என்பதே எனக்கு இரங்கல் கூட்டத்துக்கான சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் தெரியும். பழைய ஊழியர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்த கூட்டம். நல்லவர்கள். காந்தம் சாரைக் கூப்பிட்டதுதான் அவர்கள் செய்த ஒரே பிசகு.

இப்போது அந்த அறைக்குத் திரும்புகிறேன்.

அவர் மன்னித்து முடித்து உட்கார்ந்ததும், உன் வீட்டுக்காரர் எழுந்தார். பெயர் குமரேசன், ஒரு கம்பெனியின் வேன் ஓட்டுகிறவர் என்று நீ சொல்லியிருக்கிறாய். அன்றைக்குத்தான் அவரை நேரில் பார்த்தேன். சட்டைப் பையில் உன் சின்னப் படம் வைத்திருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். என்ன தப்பு சார் பண்ணா?"

காந்தம் சார் புன்னகை செய்தார். "அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்ப்பா. இப்ப எதுக்கு?"

"இல்ல சார். அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. இங்கருந்து வந்தப்புறம் எதையாவது தப்பாப் பண்ணிட்டேன்னு ஒருநாளும் சொன்னதில்லை. அதான் கேக்கறேன். என்ன தப்பு?"

காபி வந்துவிட்டது என்று கதவருகே யாரோ சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு மனிதன் இறந்துபோன மனைவிக்காக ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். இயற்பியல் படித்த மற்ற எல்லாரும் பிஸ்கட் தட்டை நோக்கிப் போனார்கள். நான் நாற்காலியிலேயே இருந்தேன். அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதையும் மறைக்க மாட்டேன்.

வண்டி நிறுத்துமிடத்தில்தான் அவரைப் பிடித்தேன்.

"நான் ஹேமா."

"தெரியும் மேடம். அவ சொல்வா. ஹேமாக்கா ஹேமாக்கான்னு."

அவருடைய வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் அளவீடு, நோட்டு, கூட்டம், அழித்த புள்ளிகள், 'ஆட்சேபணை இல்லை'. பஸ் நிறுத்தத்தில் சொன்ன பொய்யையும் சொன்னேன். முடித்ததும், திட்டுவார் என்று நின்றேன்.

"அன்னிக்கு உங்களப் பாத்துட்டு வந்து ஸ்வீட்டு வாங்கியாந்தா மேடம்" என்றார். "நான் சொன்னதுதான் சரின்னு ஹேமாக்கா சொல்லிட்டாங்கன்னு. எங்கம்மாவுக்குக்கூட ஊட்டிவுட்டா."

எனக்கு அழுகை வந்தது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்க" என்றார். ஆறுதலாக இல்லை. எரிச்சலாக. "நீங்க அழுதா எனக்கு என்ன ஆவப்போவுது? யாருக்கு எழுதினீங்களோ அவங்களுக்கே எழுதுங்க. அவ பேரை எந்தப் புஸ்தகத்துல கெடுத்தீங்களோ, அந்தப் புஸ்தகத்துலயே." வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நான் கேட்ட மொத்தப் பேச்சிலும், செல்வி, நிமிர்ந்து நின்று கேட்கத் தக்கதாக இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை எழுதினேன். உன் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, பத்திரிகை ஆசிரியருக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். எல்லாப் புள்ளிகளும் உள்ள வரைபடத்தைப் புதிதாகப் போட்டேன். பெரியவை தாறுமாறாக மேலே பறக்கின்றன. குட்டிகள் எல்லாம் கீழே ஒரே கோட்டில் நிற்கின்றன. அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் அழித்திருக்கிறேன். அளவீடுகளும் விளக்கமும் உன்னுடையவை, கட்டுரை வெளியாகும் முன்பே நீ எச்சரித்தாய், உதவியாளரின் பிழை என்ற குறிப்பு பொய், புள்ளிகளை நான் தெரிந்தே நீக்கினேன் என்று எழுதினேன்.

காந்தம் சார் சனிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். முதலில் அன்பாகப் பேசினார். "செத்துப்போனவளுக்கு இதனால என்ன பிரயோஜனம் ஹேமா?" உயிரோடு இருந்தவளுக்கும் உங்களால் என்ன பிரயோஜனம் இருந்தது சார் என்றேன். அப்புறம் அன்பு போய்விட்டது. "உன் தீசிஸும் இதுலதான் நிக்குதுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "பைத்தியம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவு வருடம் அவருக்குப் பயந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பயப்படும்படியாக அந்த ஆளிடம் என்ன இருந்தது? ஒரு குரல், ஒரு கோட்டு, எந்நேரமும் யாராவது திறந்துவிடுகிற ஒரு கதவு.

நிறுவனம் மூன்று பேர் விசாரணைக் குழு போட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை நான் போய் உட்கார வேண்டும். அந்தக் குழுவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், நல்லவர் என்று பேரெடுத்தவர், நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"உன் கடிதத்துல ஒரு வார்த்தையை மட்டும் மாத்திடும்மா. 'தெரிந்தே'ன்னு போட்டிருக்கே. 'கவனக்குறைவால்'னு போடு. அந்தப் பொண்ணு பேரும் சரியாயிடும், உன் பட்டமும் நிக்கும். எல்லாருக்கும் நல்லது."

எவ்வளவு கனிவாகச் சொன்னார் தெரியுமா? இந்த இடத்தில் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது, செல்வி. அடித்து மிரட்டி யாரும் பொய் எழுதச் சொல்வதில்லை. காபி கொடுத்து, அம்மா என்று கூப்பிட்டு, ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். வரும் வழியெல்லாம் யோசிக்கவும் செய்தேன். வாசலில் அப்பா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். துடைத்த துணியை மடித்தார். "கழட்டணும்னா சொல்லு, ஸ்க்ரூ டிரைவர் உள்ளதான் இருக்கு" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

உன்னிடம் மன்னிப்பு கேட்டு இதை முடிக்கமாட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அந்தக் கூட்டத்தில் போதுமான அளவு அசிங்கப்படுத்திவிட்டார்கள். கேட்டாலும் நீ சும்னே கொடுத்துவிடுவாய், எனக்கு அது வேண்டாம்.

இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, அந்த மூன்று பேருக்கு முன்னால், காந்தம் சாரும் இருந்தால் அவருக்கு முன்னாலும், "தெரியும். அன்றைக்கே தெரியும். செல்வி எனக்குச் சொன்னாள், எனக்குப் புரிந்தது, தெரிந்தே செய்தேன்" என்று சொல்வேன். அந்தச் சொல்லை மாற்றமாட்டேன். குமரேசனை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழும்படி, தமிழில் சொல்வேன்.

நீ அக்கா என்று கூப்பிட்ட,
ஹேமா
அடுகோடி, பெங்களூரு